ஆறாத சர்க்கரைப் புண்ணும் ஹைட்ரோஜெல்லும்: கிருமிப் படலத்தை அகற்றுவது முதல் கட்டு மாற்றுவது வரை

"மூணு மாசமா கால் புண் ஆறல. ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிஞ்சது. ஜெல் வாங்கித் தினமும் தடவுறோம், மஞ்சள் படலம் மட்டும் போகவே மாட்டேங்குது." சர்க்கரை நோயாளி இருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இங்கே பெரும்பாலும் குறை ஜெல்லில் இல்லை. ஜெல்லுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலைகள் நடக்கவில்லை.

சாதாரண ஹைட்ரோஜெல் கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல. காய்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த திசுவை இளக வைக்கும் கட்டு அது. கிருமிப் படலத்தை உடைப்பது கத்தியும் கழுவலும்தான். உடைத்த பிறகு கிடைக்கும் இரண்டு மூன்று நாள் அவகாசத்தில்தான் ஜெல்லுக்கு வேலை.

வீட்டில் கட்டு மாற்றும் குடும்பத்தாருக்கும், கிளினிக்கில் டிரெஸ்ஸிங் செய்யும் செவிலியருக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. சதையை வெட்டி எடுக்கும் பகுதி மட்டும் பயிற்சி பெற்றவர் கையில் நடக்க வேண்டும். வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள்.

புண்ணுக்குள் என்ன நடக்கிறது

தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் விரலில் வழுவழுப்பு தட்டுமே, அது பாக்டீரியாக்கள் கூட்டமாகக் கட்டிய படலம், அதாவது பயோஃபிலிம். ஆறாத புண்ணிலும் இதேதான் நடக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் திசுவிலோ ஒன்றோடொன்றோ ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. அந்தப் பசையே ஒரு ஹைட்ரோஜெல் மாதிரிதான், பெரும்பகுதி தண்ணீர். ஆகவே அதன்மேல் நாம் இன்னொரு தண்ணீர் ஜெல்லைத் தடவினால் அது கரைந்துவிடாது.

உள்ளே இருக்கும் கிருமிகளில் பல தூங்குகிற நிலையில் இருக்கும். வளர்ந்து பெருகும் கிருமியைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவைப் போல நூறு, ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருக்கும் கிருமி தாங்கும். மாத்திரை சாப்பிடும்போது புண் கொஞ்சம் தெளிவதும், நிறுத்தியதும் பழையபடி ஆவதும் இதனால்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. அவை வருகின்றன, படலத்தைத் துளைக்க முடியாமல் அங்கேயே நொதிகளைக் கொட்டுகின்றன. அந்த நொதிகள் புதிதாக வளரும் திசுவைத்தான் அரிக்கின்றன.

2008-ல் வந்த ஓர் ஆய்வில், மாதிரி எடுத்த நாள்பட்ட புண்களில் 60 சதவீதத்தில் பயோஃபிலிம் இருந்தது. புதுக் காயங்களில் 6 சதவீதம்தான்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். புண்மேல் தெரியும் மஞ்சள் சவ்வெல்லாம் பயோஃபிலிம் அல்ல. அதில் பெரும்பகுதி செத்த திசுவும், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரத இழையும். பயோஃபிலிம் கொத்துகள் மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும், திசுவுக்கு அடியிலும் இருக்கும். புண் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்பதால் படலம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் உண்டு: துடைத்து எடுத்த சவ்வு ஓரிரு நாளில் திரும்ப வருவது, புண்ணின் அடிப்பகுதி மங்கலாக இருந்து தொட்டாலே உதிர்ந்து ரத்தம் கசிவது, காரணமில்லாமல் நீர் வடிவது கூடுவது, சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தும் அசையாமல் நிற்பது.

ஜெல் டியூபைத் திறப்பதற்கு முன்

நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் ஜெல் வைக்கக் கூடாது.

முதலாவது ரத்த ஓட்டம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் ஏ.பி.ஐ. சோதனையை டாப்ளர் கருவி உள்ள எந்த மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். 0.9-க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறது. 0.4-க்குக் கீழே போனாலோ, கணுக்கால் அழுத்தம் 50-க்கோ கால்விரல் அழுத்தம் 30 மி.மீ. மெர்குரிக்கோ கீழே இருந்தாலோ, ரத்தக்குழாய் நிபுணரை உடனே பார்க்க வேண்டும். 1.3-க்கு மேல் வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் தமனியில் சுண்ணாம்பு படிந்து குழாய் அமுங்காமல் போவதால் இப்படிப் பொய்யாக ஏறும். அவர்களுக்கு விரல் அழுத்தம் பார்ப்பதுதான் சரி. ரத்தம் வராத காலில் காய்ந்து கறுத்துப்போன விரலுக்கு ஜெல் வைப்பது ஆபத்து. காய்ந்த அழுகல் ஈர அழுகலாக மாறி, சில நாளில் காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப்பட்ட விரலை உலர்வாகவே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தொற்று. எல்லாப் புண்ணிலும் கிருமி உண்டு, எல்லாப் புண்ணும் தொற்று அல்ல. வீக்கம், சுற்றிலும் அரை செ.மீ.-க்கு மேல் சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று. அதற்குத்தான் ஆன்டிபயாடிக். தொற்று அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்பது சர்வதேச நீரிழிவுப் பாதக் குழுவின் 2023 வழிகாட்டுதல். பயோஃபிலிம் இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் மாத்திரைக்குக் காரணமாகாது. எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்சர் சோதனைக்கு மாதிரி எடுப்பதென்றால் மேலாகப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பது கிட்டத்தட்ட வீண். சுத்தம் செய்தபின் அடித்தளத்திலிருந்து சுரண்டி எடுத்த திசுவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் சூடோமோனாஸ் உள்ளிட்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகள் அதிகம். மேலைநாட்டுப் பட்டியலைப் பார்த்து மருந்து எழுதினால் குறி தப்பும்.

மூன்றாவது எலும்பு. மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விடும்போது கடினமாகத் தட்டுப்பட்டால் எலும்புத் தொற்று இருக்கலாம். எக்ஸ்ரேயும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தச் சோதனையும் தேவை. எலும்பில் தொற்று இருக்கும்போது மேலே எந்த ஜெல் வைத்தும் பயனில்லை.

நான்காவது, எல்லாவற்றையும்விட அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது, அழுத்தம். பாதத்தின் அடியில் புண் இருக்கிறவர் அதே காலை ஊன்றி நடந்தால் ஒவ்வோர் அடியிலும் புண் நசுங்குகிறது. கால் மரத்திருப்பதால் அவருக்கு வலிக்காது. முழங்கால் வரையிலான கழற்ற முடியாத மாவுக்கட்டோ அதற்கு இணையான பூட்ஸோதான் முதல் தேர்வு. கடும் தொற்றோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். மரத்துப்போன காலுக்கு இந்த மாதிரி அழுத்தம் குறைக்கும் சிகிச்சை வளர்ந்த இடங்களில் ஒன்று நம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதப் புண்களைப் பார்த்து, கிருமியைவிட அழுத்தமே அவற்றை ஆற விடாமல் வைத்திருக்கிறது என்று உணர்ந்து வேலை செய்தார். இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பின் வரலாறும் அந்தத் தொழுநோய்ச் சிகிச்சையோடு பின்னியது.

பழைய கட்டைப் படித்துப் பாருங்கள்

ஜெல் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கழற்றிய காஸே சொல்லிவிடும். ஆகவே அவிழ்த்ததும் குப்பையில் எறியாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்கிறது, பிய்த்தால் ரத்தம் வருகிறது என்றால் புண் தாகத்தில் இருக்கிறது, ஜெல்லுக்கு ஏற்ற புண். புண்ணைத் தொட்ட இடம் மட்டும் ஈரமாக, ஓரம் உலர்ந்திருந்தால் மெல்லிய பூச்சோ ஹைட்ரோஜெல் ஷீட்டோ போதும். ஈரம் புண்ணின் எல்லையைத் தாண்டிப் பரவி, மேல்கட்டிலும் கறை தெரிந்தால் ஜெல் வேண்டாம். அங்கே ஈரம் உறிஞ்சும் ஆல்ஜினேட், ஃபோம், காடெக்ஸோமர் அயோடின் போன்றவைதான் சரி. சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கி, துணி துவைத்த கை மாதிரி ஊறியிருந்தாலும் அதே பதில்தான்.

பச்சை நீலக் கறை தெரிந்தால் சூடோமோனாஸ் இருக்கலாம். அப்போது வெறும் ஜெல் கட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படலத்தை உடைப்பது

செத்த திசுவையும் சுற்றியுள்ள காய்ப்பையும் கத்தி, கியூரெட் என்ற சுரண்டும் கருவி கொண்டு, ரத்தம் கசியும் ஆரோக்கியமான சதை தெரியும்வரை எடுப்பதே முதல் சிகிச்சை. ஓரங்களையும் விடக் கூடாது. புண் விளிம்பு உள்ளே மடிந்தோ அடியில் குடைந்தோ இருந்தால் படலம் அங்கே ஒளிந்துகொள்ளும். ஜெல் வைத்துத் தானாக இளக விடுவது, நொதிக் களிம்பு ஆகிய முறைகளைவிடக் கத்தியால் சுத்தம் செய்வதையே 2023 வழிகாட்டுதலும் முன்வைக்கிறது. கத்தி வைக்க முடியாதபோது, வலி தாங்காதபோது, திறமையானவர் கிடைக்காதபோது ஜெல்லை மாற்றாகக் கொள்ளலாம். அது மெதுவான வழி.

நேரம் இங்கே முக்கியம். ஆய்வுக்கூடத்தில் பார்த்தவரை, கிருமிகள் 2 முதல் 4 மணி நேரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்கின்றன, 6 முதல் 12 மணி நேரத்தில் பசை சுரக்கத் தொடங்குகின்றன, 2 முதல் 4 நாளில் முழுப் படலம் ஆகிவிடுகின்றன. சுத்தம் செய்த புண்ணில் முதல் 24 மணி நேரம் கிருமிகள் பலவீனமாக இருக்கின்றன, 72 மணி நேரத்துக்குள் பழைய பலம் திரும்பிவிடுகிறது. மாதம் ஒருமுறை சுத்தம் செய்து, நடுவில் தினமும் ஜெல் தடவுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே பதில். முதல் இரண்டு மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறையாவது புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்த அன்று ரத்தம் கசிந்தால் ஜெல் வைக்காதீர்கள். அது ரத்தத்தை நிறுத்தாது, கலந்து வழிந்துவிடும். கால்சியம் ஆல்ஜினேட் வைத்துக் கட்டி, மறுநாள் எடுத்துவிட்டு ஜெல்லுக்கு வரலாம். குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கழுவுவது

0.9 சதவீத நார்மல் சலைன் போதும், அறைச் சூட்டில். குளிர்ந்த திரவம் ஊற்றினால் புண்ணின் வெப்பம் இறங்கி, செல் பெருகுவது சில மணி நேரம் மந்தமாகும். சொட்டுச் சொட்டாக ஊற்றுவது படலத்தை அசைக்காது. பீய்ச்சினால் திசு காயப்படும். 35 மி.லி. சிரிஞ்சில் 19 கேஜ் ஊசி பொருத்தி அழுத்தினால் சுமார் 8 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும், அதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. புண்ணிலிருந்து சில செ.மீ. தள்ளி, சாய்வாகப் பிடியுங்கள். சின்னப் புண்ணுக்கே 100 மி.லி. வரை செலவாகும், கஞ்சம் வேண்டாம்.

படலம் இருப்பதாகச் சந்தேகம் என்றால், சலைனுக்குப் பின் 0.1 சதவீத பாலிஹெக்ஸனைடு என்ற கிருமிநாசினியும் பீட்டெய்னும் கலந்த கரைசலில் காஸை நனைத்துப் புண்மேல் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். பீட்டெய்ன் சோப்பைப் போல ஒட்டலைத் தளர்த்தும். பிறகு ஈரக் காஸால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை உள்ளே நின்றுவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புது செல்களையும் சேர்த்துக் கொல்கிறது. மஞ்சள்தூள், காபித்தூள், சாம்பல், டூத்பேஸ்ட், ஆன்டிபயாடிக் பவுடர் எதுவும் வேண்டாம். தூள் எதுவானாலும் புண்ணுக்குள் கெட்டித்து, கிருமி பிடித்துக்கொள்ள இடமாகிவிடும். வெந்நீரில் கால் ஊற வைப்பதும் கூடாது. மரத்த கால் வெந்துபோவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

ஜெல் வைக்கும் முறை

தேவையானவை: கையுறை இரண்டு ஜோடி, சலைன், சிரிஞ்ச், கிருமி நீக்கிய காஸ், ஜெல், துத்தநாக ஆக்சைடு களிம்பு அல்லது வாஸ்லைன், ஒட்டாத ஃபோம் அல்லது ஃபிலிம் கட்டு, ரோலர் பேண்டேஜ், காகித அளவுகோல்.

1. கையைக் கழுவி முதல் கையுறையோடு பழைய கட்டை அவிழுங்கள். ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். அந்தக் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதியதை மாட்டுங்கள்.

2. கழுவிய பிறகுதான் புண்ணின் நிறத்தையும் வாடையையும் மதிப்பிட வேண்டும். இளகிய ஜெல்லும் கரைந்த சவ்வும் சேர்ந்து மஞ்சளாக, பார்க்கச் சீழ் போலவே இருக்கும். கழுவாமல் பார்த்துப் பயந்து மாத்திரை மாற்றுவது அடிக்கடி நடக்கிறது.

3. சுற்றுத் தோலை ஒற்றி உலர்த்தி, விளிம்பிலிருந்து வெளியே 2 செ.மீ. வரை துத்தநாகக் களிம்பையோ வாஸ்லைனையோ மெல்லிசாகப் பூசுங்கள். ஒட்டும் கட்டு போடுவதாக இருந்தால், அது பிடிக்கும் இடத்தில் களிம்பு படக் கூடாது.

4. ஜெல்லை டியூபின் முனை புண்ணைத் தொடாமல் விடுங்கள். சுமார் 5 மி.மீ. கனம், விளிம்புக்கு 2-3 மி.மீ. உள்ளேயே நிற்க வேண்டும். நல்ல தோலில் வழிந்தால் துடைத்துவிடுங்கள். 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலப் புண்ணுக்கு அதிகபட்சம் 3 கிராம் பிடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் 15 கிராம் டியூப் பத்து நாள் வரும். நாலு நாளில் தீர்ந்தால் கையளவு கூடுகிறது என்று பொருள்.

5. குழிப் புண்ணில் ஜெல் தோய்த்த காஸைத் தளர்வாக விடுங்கள், திணிக்காதீர்கள். திணித்தால் உள்ளிருந்தே அழுத்தம் உண்டாகும். காஸின் ஒரு முனை வெளியே தெரிய வேண்டும், எத்தனை துண்டு உள்ளே போனது என்று எழுதி வையுங்கள்.

6. மேலே வெறும் காஸ் மட்டும் போட்டால் அது ஜெல்லின் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி, மறுநாள் ஜெல் காய்ந்து தோலாகிக் கிடக்கும். ஃபிலிமோ மெல்லிய ஃபோமோ மூட வேண்டும். பாதத்தின் அடியில் தடித்த கட்டு போடாதீர்கள், அதுவே மேடாகி அழுத்தும்.

7. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மாற்றுங்கள். தேதியைக் கட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

திறந்த டியூப் கிருமியற்றதாக நீடிக்காது. ஒருமுறைக்கானது என்று லேபிளில் இருந்தால் மிச்சத்தை எறியுங்கள். பலமுறை பயன்படுத்தக்கூடியதானாலும் ஒரே நோயாளிக்குத்தான். சித்திரை வெயிலில் ஜன்னலோரத்தில் வைத்த ஜெல் நீர்த்துப்போகும். ஃப்ரீசரில் வைப்பதும் தவறு, அதன் வலைப்பின்னல் கெடும்.

வெள்ளி, அயோடின் கலந்த ஜெல் எப்போது

வெள்ளி ஜெல்லோ அயோடினோ புண்ணை வேகமாக ஆற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆற்றுவதற்காக மட்டும் அவற்றை வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது 2023 வழிகாட்டுதல். சுத்தம் செய்தபின் திறக்கும் அந்தச் சிறு அவகாசத்தில், படலம் திரும்பக் கட்டாமல் தடுக்க இரண்டு வாரம் மட்டும் போட்டுப் பார்ப்பது பல நிபுணர்களின் நடைமுறை. எங்கள் கருத்தும் அதுதான்: இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்தி, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். மாதக்கணக்கில் வெள்ளி போடுவது பணத்துக்கும் கேடு, புண்ணுக்கும் கேடு.

ஒன்றோடொன்று சேராதவை சில உண்டு. வெள்ளியையும் அயோடினையும் சேர்த்தால் வெள்ளி அயோடைடு ஆகி இரண்டுமே வீணாகும். வெள்ளிக் கட்டை நனைக்கச் சலைன் கூடாது, அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெரைல் வாட்டர் பயன்படுத்துங்கள். பாலிஹெக்ஸனைடு நேர்மின் தன்மையுள்ளது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஆல்ஜினேட் அடிப்படையிலான ஜெல்கள் எதிர்மின் தன்மையுள்ளவை, ஆகவே மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். பாலிஹெக்ஸனைடு ஜெல்லே வேண்டுமென்றால் ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸில் செய்ததாகப் பாருங்கள். கொலாஜினேஸ் களிம்பு போடும் நாட்களில் வெள்ளியும் அயோடினும் கூடாது, நொதி செயலிழக்கும்.

காடெக்ஸோமர் அயோடின் ஈரம் அதிகமான புண்ணுக்கு நல்லது. பழுப்பு நிறம் வெளிறியதும் அதன் வேலை முடிந்தது, மாற்றலாம். ஒரு தடவைக்கு 50 கிராம், வாரத்துக்கு 150 கிராம் வரம்பு. தைராய்டு நோயாளிகளுக்குத் தவிர்க்க வேண்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கைட்டோசான், டி.என்.ஏ.வை அறுக்கும் நொதி ஆகியவற்றை ஏற்றிய 'புத்திசாலி' ஜெல்கள் பற்றிச் செய்திகள் வருகின்றன. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் புண்ணில் உள்ள சர்க்கரையையே எடுத்துக் கிருமிநாசினியாக மாற்றுகிறது, அருமையான யோசனை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எலியில் சோதிக்கப்பட்டவை. எலியின் தோல் சுருங்கி மூடிக்கொள்ளும், மனிதப் பாதம் அப்படியல்ல. கடையில் அந்தப் பெயரில் ஏதாவது விற்றால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அளந்து பார்க்காமல் தொடராதீர்கள்

வாரம் ஒருமுறை, ஒரே கோணத்தில், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதுங்கள். ஜெல் தொடங்கிய முதல் வாரம் சவ்வு கரைவதால் புண் கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம், பதற வேண்டாம். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். 6 சதுர செ.மீ. புண் 3-க்கு வரவில்லை என்றால் ஜெல்லின் பிராண்டை மாற்றிப் பயனில்லை. ரத்த ஓட்டம், எலும்பு, அழுத்தம், சர்க்கரை, உணவில் புரதம் என்று மேலே சொன்னவற்றை மறுபடி முதலிலிருந்து பாருங்கள். நோயாளி பூஜை அறைக்கும் கழிப்பறைக்கும் மட்டும் செருப்பில்லாமல் போகிறாரா என்று கேளுங்கள். பல நேரம் பதில் அங்கேதான் இருக்கும்.

சிவப்பு 2 செ.மீ.-க்கு மேல் பரவுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், அழுத்தினால் தோலடியில் நறநறப்பு, திடீர்க் கறுப்பு, காரணமில்லாமல் எகிறும் சர்க்கரை, மரத்த காலில் புதிதாக வலி: இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த கட்டு மாற்றும் நாள்வரை பொறுக்கக் கூடாது.

புண் அடி சிவந்து மேலெழும்பி, ஓரத்தில் வெளிர் ரோஜா நிறத் தோல் உள்நோக்கி வளரத் தொடங்கியதும் ஜெல்லை நிறுத்திவிடுங்கள். அந்த இளந்தோல் ஈரத்தில் ஊறிக் கழன்றுவிடும். ஒட்டாத ஃபோம் மட்டும் வைத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். முழுக்க மூடி, இரண்டு வாரம் ஒரு துளி நீரும் வடியாதிருந்தால்தான் ஆறியது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறிய பாதப் புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. ஆகவே மாவுக்கட்டைக் கழற்றும் அன்றே எம்.சி.ஆர். செருப்பு கையில் தயாராக இருக்கும்படி, அளவு கொடுப்பதை இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.